மகளுக்கு: பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பற்றி

சுன்னாகம்

அன்புள்ள மகளுக்கு,

உன் மின்னஞ்சலைத் தம்பி வாசித்துக் காட்டினான். உள்ளகப் பயிற்சிக்கு உன்னை யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகைகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றி எண்ணிமப்படுத்தும் பகுதியில் விட்டிருக்கிறார்கள் என்று அறிந்து, பத்திரிகை அச்சகத்தில் ஈய எழுத்துப் பொறுக்கியே வயது போன எனக்கு எவ்வளவு புளுகம் என்பதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள். ஆனால் அதே மடலில் நீ அலுத்தும் கொண்டிருக்கிறாய். தலையங்கமும் கட்டுரையும் உள்ள பக்கங்களை எடுப்பது சரி, புகையிலைக் கடை விளம்பரத்தையும் மரண அறிவித்தலையும் எதற்காக இத்தனை பாடுபட்டு, ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி வைத்துப் பதிய வேண்டும் என்று கேட்டிருந்தாய். எனக்கோ, உன் வேலையில் மிகவும் பெறுமதியான பகுதி அதுதான் என்று படுகிறது.

நம் ஊரில் நா. பொன்னையா 1930இல் தொடங்க, 1958 வரை வெளிவந்த ஈழகேசரிப் பத்திரிகையை எடுத்துக்கொள். அதில் வந்த சிறுகதைகளையும் கட்டுரைகளையும் தேடி இலக்கியக்காரர்கள் எப்படியும் வருவார்கள். நல்லவற்றுள் சில பின்னாளில் நூல்களிலும் ஏறிவிட்டன. விளம்பரத்தை நூலாகத் தொகுப்பவர் யார்? எந்தச் சந்தியில் எந்தக் கடை இருந்தது, ஒரு சைக்கிள் என்ன விலைக்குப் போனது, மலாயாவில் வேலை பார்த்தவர் ஊருக்குப் பணம் அனுப்ப எந்த வங்கியை நம்பினார் என்பவற்றுக்கெல்லாம் அந்தப் பக்கங்களை விட்டால் வேறு சாட்சி கிடைப்பது அரிது. மரண அறிவித்தல் அதற்கும் ஒருபடி மேல். இறந்தவர் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்ன ஊர், இன்ன உத்தியோகம் என்று நாலு வரிக்குள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை அடங்கிவிடும். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமத்துச் சனம் இரவோடிரவாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோக முடியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கனடாவிலும் லண்டனிலும் இருந்து பாட்டனின் பெயரைத் தேடும்போது, அவர்கள் வந்து நிற்கப்போவது தலையங்கத்தில் அல்ல.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள். அமெரிக்க மிஷனரிமார் 1841இல் உதயதாரகையைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே பத்திரிகைக்குக் குறைவில்லை. குறை முழுவதும் பாதுகாப்பதில்தான் இருந்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய அட்டூழியத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது உனக்குப் பாடமாகவே தெரியும். அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள் என்பதை உன் வயதினர் பலர் அறியார். எரிந்தது போக எஞ்சியதில் ஒரு பங்கை நாமே அழித்தோம். கட்டுக்கட்டாகப் பத்திரிகை சேர்த்து வைத்திருந்த ஒரு வாசிகசாலை, அலுமாரிக்கு இடம் வேண்டுமென்று அவ்வளவையும் கடைகளுக்குச் சரை சுற்ற நிறுத்து விற்றது. அதற்கு யாரைக் கோபிப்பது? ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் திட்டத்தை 2005இல் தொடங்கிய இளைஞர்கள் இந்த இழப்பையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

வேலைக்கு வருகிறேன். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்த மலிவுத் தாள். மரத்திலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு மாறி, அமிலம் ஊறி, தாளைப் பழுப்பாக்கி அப்பளமாக நொறுக்கிவிடும். முதலில் உடைவது மடிப்பு. அந்த இடத்தை விரலால் நீவி நேராக்காதே. அடியில் ஓர் அட்டையைக் கொடுத்து இரண்டு கையாலும் தூக்கு. படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று நிறத்தைக் கூட்டிக் குறைத்துத் துப்புரவு செய்யும் ஆசையும் உனக்கு வரும். வாசகருக்குக் கொடுக்கும் பிரதியில் எதையும் செய், மூலப் படத்தில் கை வைக்காதே. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பத்திரிகைத் தாள் வராமல், பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலும் நாங்கள் பத்திரிகை பார்த்தோம். எழுத்துக்குப் பின்னால் ஓடும் அந்த நீலக் கோடுகளை அழுக்கென்று கணினி கழுவிவிட்டால், அந்த ஆண்டுகளின் கதையில் பாதி போய்விடும்.

திகதி விடயத்தில் என் தொழிலறிவு உனக்கு உதவக்கூடும். அந்தக் காலத்தில் முகப்பைத் தினமும் புதிதாகக் கோப்பதில்லை. பத்திரிகைப் பெயரும் பதிவிலக்கமும் கட்டியபடியே கிடக்கும்; திகதி, மலர், இதழ் இலக்கங்களை மட்டும் கழற்றி மாற்றுவோம். நள்ளிரவு அவசரத்தில் யாராவது ஒன்றை மாற்ற மறந்தால், புதன்கிழமைப் பத்திரிகை செவ்வாய்க்கிழமைத் திகதியோடு வெளியே போய்விடும். ஆகவே முகப்பை மட்டும் நம்பிப் பதியாதே. உள்பக்கத்துச் சினிமா விளம்பரத்தையும், முந்திய பிந்திய இதழ்களையும் ஒத்துப் பார். அச்சான திகதியை ஒரு கட்டத்திலும் சரியான திகதியை வேறொரு கட்டத்திலும் எழுத உங்கள் பதிவேட்டில் இடமிருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேள். இல்லையென்றால் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்.

படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருள் ஒரு பக்கத்தைக் குப்பையாக வாசித்துத் தந்தால் கணினியில் மட்டும் பழி போடாதே. பழைய அச்சில் காலும் ரகரமும் பல இடங்களில் ஒரே அச்சுப்போலத் தெரியும். தமிழ்நாடு 1978இல் ஆணையிட்டு மாற்றிய ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களையே நாங்கள் அதற்குப் பின்னும் வெகுகாலம் கோத்தோம். பத்தி பிரிப்பதிலும் கவனம் வேண்டும். பத்திகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய கோடு தேய்ந்திருந்தால், கலியாணச் செய்தியின் முதல் பாதி, அடுத்த பத்தியிலுள்ள அரிசி விலையோடு போய் ஒட்டிக்கொள்ளும். நீ திருத்தும்போது சிரிப்பு வரும், ஆனால் திருத்தாமல் விட்டால் அந்த மணமகனை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தூசிக்கு முகமூடி போட்டுக்கொள். சின்ன வயதிலிருந்தே உனக்கு இழுப்பு உண்டு. பக்கத்து வளவு ஐயா தம் தகப்பனார் கட்டி வைத்த பத்திரிகைக் கட்டுகள் சில பரணில் இருப்பதாக நேற்றுச் சொன்னார். கறையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் நடுப்பக்கங்கள் தப்பியிருக்கின்றன. இனாமாகக் கொடுக்க அவருக்கு மனமில்லை, படமெடுத்ததும் திருப்பித் தருவதாக எழுத்தில் கேட்கிறார்; அது நியாயமான கேள்விதான். உங்கள் நிறுவனம் அப்படி இரவல் வாங்குமா, தைத்த கட்டைப் பிரிக்காமல் படமெடுக்கும் வசதி இருக்கிறதா என்று விசாரித்து வெள்ளிக்கிழமைக்கு முன் எழுது. ஆம் என்றால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
அப்பா