பிள்ளைகளின் கணக்கில் திறக்காத தமிழ்ப் பயிற்சி மென்பொருள்: புகார்

அனுப்புநர்:
ஆசிரியை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அட்மின் அல்லாத பயனர் கணக்குகளில் மென்பொருள் திறக்காமை.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தமிழ்ப் பயிற்சி மென்பொருளுக்கு, உங்கள் டர்பன் முகவரிடம் எட்டுக் கணினிகளுக்கான உரிமம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. புதிய பதிப்புக்கு மாறிய பிறகு, நானே ஒரு வழி செய்து ஓட்டிய இரண்டு வாரம் தவிர, ஐந்து சனிக்கிழமைகளாக எங்கள் பிள்ளைகளால் அதைத் திறக்கவே முடியவில்லை. உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது: எல்லோருக்கும் அட்மின் உரிமை (கணினியில் எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமை) கொடுத்துவிடுங்கள், சரியாகிவிடும். அதை என்னால் செய்ய முடியாது. ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் கணக்கில் நுழைந்து உங்கள் ஐகானை இரண்டு முறை தட்டுகிறாள். மவுஸ் அம்புக்குப் பக்கத்தில் நீல வளையம் ஒரு நொடி சுற்றுகிறது. பிறகு நின்றுவிடுகிறது. சாளரம் வருவதில்லை, பிழைச் செய்தியும் இல்லை. மறுபடியும் தட்டுகிறாள், மறுபடியும் அதே வளையம். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, நான் எதையாவது கெடுத்துட்டேனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இந்தப் பிள்ளைகள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். தாத்தா, காவடி, சாமி, சில சமையல் சொற்கள் என்று கொஞ்சம் தமிழ் நாக்கில் தங்கியிருக்கிறது. எழுத்து இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் அவர்களுக்கும் தமிழுக்கும் கிடைக்கும் நேரம். உங்கள் மென்பொருளில் எழுத்தின் மேல் மவுஸை ஓட்டி எழுதியதும் அதன் ஒலி கேட்கிறதே, அதை அவர்கள் அவ்வளவு விரும்புகிறார்கள். ல, ள, ழ மூன்றையும் காதால் பிரித்தறிய அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. வேண்டாம் என்று தூக்கிப் போட மனமில்லாமல்தான் இத்தனை நாள் இதோடு போராடியிருக்கிறேன்.

முதலில் ஆன்டிவைரஸ்மேல் சந்தேகப்பட்டு அதை நிறுத்திப் பார்த்தேன், பயனில்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். என் கணக்கில் உடனே திறந்தது, பிள்ளைகள் கணக்கில் திறக்கவில்லை. என்னுடையது அட்மின் கணக்கு, அவர்களுடையது சாதாரணக் கணக்கு. கோளாறு அங்கேதான் என்று அப்போது புரிந்தது.

அடுத்து, "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்", அதாவது ஒரு நிரலை மட்டும் அட்மின் உரிமையோடு திறக்கும் வழி. ஒரு பிள்ளையின் கணக்கிலிருந்து என் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தேன். திறந்தது. ஆனால் அப்படித் திறக்கும்போது விண்டோஸ் அதை என் பெயரில்தான் ஓட்டுகிறது. அவள் முடித்த பாடமெல்லாம் என் கணக்கில் போய்ச் சேர்ந்தது. எட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஆசிரியை பெயரில் ஏறினால் யாருக்கு எது வரவில்லை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

அப்புறம், நிரல்கள் எந்தக் கோப்பைத் தொடுகின்றன என்று காட்டும் புரோசஸ் மானிட்டர் என்ற கருவியை ஓட்டி, உங்கள் நிரலின் பெயரை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். அது நிற்பதற்குச் சற்று முன்னால் "ஆக்சஸ் டினைட்" (அனுமதி மறுப்பு) என்று ஒரு வரி இருந்தது. உங்கள் நிரல் தன் அமைப்புக் (செட்டிங்ஸ்) கோப்பை, நிரல்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுதப் பார்க்கிறது. அங்கே சாதாரணப் பயனர் படிக்கலாம், எழுத முடியாது. எழுத முடியாதபோது என்ன செய்வது என்று உங்கள் நிரலுக்குத் தெரியவில்லை, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது.

பழைய பதிப்பு எப்படி ஓடியது என்பதையும் தேடினேன். அது 32 பிட் நிரல். 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து, இப்படி எழுதப் பார்க்கும் பழைய 32 பிட் நிரல்களுக்காக விண்டோஸே அந்தக் கோப்பைப் பயனரின் சொந்த இடத்துக்குத் திருப்பி, வர்ச்சுவல்ஸ்டோர் என்ற கோப்புறையில் வைத்துவிடும். பிள்ளைகளின் கணக்குகளில் அந்தப் பழைய கோப்புகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. உங்கள் புதிய பதிப்பு 64 பிட், அதற்கு இந்த உதவி கிடையாது. தவறு முன்பிருந்தே உங்கள் நிரலில் இருந்தது, விண்டோஸ் அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அட்மின் உரிமை ஏன் கொடுக்க மாட்டேன் என்றால், இவை சமூகக் கூடத்துக் கணினிகள். வார நாட்களில் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் வங்கிக் கணக்கு பார்க்கிறார்கள், மாணவர்கள் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். முன்பு ஒருமுறை எல்லோருக்கும் அட்மின் உரிமை இருந்தபோது ஒரு பையன் இலவச விளையாட்டு ஒன்றை இறக்கினான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விளம்பரமாக வந்தது. சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் சாதாரணக் கணக்குகள் வைத்தோம். ஒரு மென்பொருளுக்காக வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடச் சொல்கிறீர்கள்.

கோப்புறை முழுவதற்கும் எழுதும் உரிமை தருவதும் ஆபத்துதான். யாராவது நிரலையே மாற்றி வைத்தால், அடுத்த முறை அதை நான் அட்மினாகத் திறப்பேன். அதனால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். உடனே எல்லோருக்கும் திறந்தது! இரண்டு வாரத்தில் உங்கள் புதுப்பிப்பு அந்தக் கோப்பை மாற்றிவிட்டது, உரிமையும் போய்விட்டது. எட்டுக் கணினியிலும் மறுபடி முதலிலிருந்து.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பயனரின் அமைப்பையும் மதிப்பெண்ணையும் விண்டோஸ் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் ஆப்டேட்டா கோப்புறையில் வையுங்கள். பாடங்கள் புரோகிராம் ஃபைல்ஸிலேயே இருக்கட்டும், அவற்றைப் படித்தால் போதும். எழுத முடியாவிட்டால் ஒரு வரியில் காரணம் சொல்லட்டும், பிள்ளைகள் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வெளியிடுவதற்கு முன் ஒரு சாதாரணக் கணக்கில் திறந்து பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாமல் போனதற்கு, எல்லோரும் அட்மின் கணக்கிலேயே சோதித்ததுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நாட்டின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மென்பொருளையும் அதன் உரிமத்தையும் பொருள் என்றே சேர்த்திருக்கிறது. பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்தால், சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்று சொல்லும் உரிமை 56-ஆம் பிரிவின்படி வாங்கியவருக்கு உண்டு. எனக்குப் பணம் வேண்டாம், சரிசெய்துதான் வேண்டும். முப்பது நாளுக்குள் திருத்திய பதிப்பு வராவிட்டால் எட்டு உரிமங்களையும் முகவரிடம் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

புரோசஸ் மானிட்டர் பதிவை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் யாராவது பேச விரும்பினால், சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை வகுப்பில் இருப்பேன். சென்னை நேரப்படி பகல் பன்னிரண்டரை முதல் இரண்டரை. கணினிகள் முன்னால் இருக்கும்போதே பேசினால் அங்கேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆசிரியை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு
சாட்ஸ்வொர்த்