உடுப்புக்கும் கூலி உண்டு

திருகோணமலை மாவட்டத்தில் கூத்தும் நாடகமும் மேடையேற்றும் விழாக்குழுக்களுக்கு,

வணக்கம். உவர்மலையில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடையும் சட்டையும் தைப்பது வயிற்றுப்பாட்டுக்கு. கூத்து உடுப்புக் கட்டுவது என் பெரியம்மா காட்டித் தந்த தொழில்.

போன வருடம் ஒரு விழாவுக்கு அரச வேடம் இரண்டுக்கு உடுப்புச் செய்தேன். பத்தொன்பது நாள் வேலை. துணி, சரிகை, கண்ணாடித் துண்டு வாங்கிய பில்லுக்குக் காசு வந்தது. கூலியைக் கேட்டபோது, "அக்கா, இது கலைக்குச் செய்யிற சேவைதானே" என்றார் ஒரு தம்பி. அதே மேசையில் சவுண்ட்காரருக்கும் பந்தல்காரருக்கும் காசு எண்ணிக் கொடுத்தார்கள். அவர்கள் வாங்கியது நியாயமான காசு. என் வேலை மட்டும் ஏன் வேலையாகத் தெரியவில்லை?

கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு ஆட்டப் பாணி உண்டு. வடமோடி அரசனின் கரப்புடுப்பை ஒருமுறை கையில் தூக்கிப் பாருங்கள். கோழி கவிழ்க்கிற கரப்புக் கூடையைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்க வேண்டும். வளையம் அகன்றால் ஆட்டக்காரர் சுழலும்போது பக்கத்தில் நிற்பவரில் இடிக்கும், குறுகினால் அரச களை போய்விடும். பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கினால் பாதி இரவிலேயே கால் தளர்ந்துவிடும். அதனால் கொஞ்சப் பாரத்தைத் தோளுக்கு ஏற்றி வார் வைப்பேன். இதை ஆளைப் பார்த்து, அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கட்டலாம். தென்மோடிக்கு இந்த உடுப்புச் சரிவராது. அதன் ஆட்டம் நுணுக்கமானது, உடுப்பும் பாரம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது எந்த மோடிக்கும் ஒரே வாடகைப் பெட்டிதான் வருகிறது. அதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தில் சனம் நாலு பக்கமும் இருந்து பார்க்கும், அதனால் முதுகுப்புறத்துக்கும் முன்பக்கத்தைப் போலவே வேலைப்பாடு வேண்டும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, முன்னால் இருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அது பெரிய காரியம், கூத்துக்குப் புது உயிர் கொடுத்தது. ஆனால் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும் என்று முதுகை வெறுமையாக விடும் பழக்கமும் அப்புறம் ஒட்டிக்கொண்டது. நான் இன்னும் முதுகுக்கும் கண்ணாடி தைக்கிறேன்.

2006இல் சண்டையால் சம்பூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது பெரியம்மாவின் உடுப்புப் பெட்டியும் அங்கேயே போயிற்று. பார்த்துச் செய்ய ஒரு பழைய கிரீடம்கூட மிஞ்சவில்லை. அவர் சொல்லச் சொல்லச் சீமெந்துத் தரையில் சுண்ணக்கட்டியால் அளவு கீறித்தான் என் முதல் கரப்பைக் கட்டினேன். பெரியம்மா இப்போது இல்லை. அந்த அளவுகள் என் கையில்தான் இருக்கின்றன.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். செலவுப் பட்டியலில் துணிக்காசுக்குக் கீழே உடுப்புக் கூலி என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். அரங்கேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஓடிவராமல், ஆட்டக்காரருக்குப் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுக்கும் நாளிலேயே எங்களையும் கூப்பிடுங்கள். முழுக் கூத்தையும் ஒத்திகையாக ஆடி அடுக்குப் பார்க்கும் இரவில் ஆட்டக்காரரை உடுப்போடு ஆடவிடுங்கள், எங்கே உரசுகிறது, எங்கே அவிழ்கிறது என்று அன்றுதான் தெரியும். நோட்டீசில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பெயருக்குக் கீழே உடுப்புக் கட்டியவர் பெயரும் இருக்கட்டும்.

என்னிடம் இரண்டு பிள்ளைகள் பழகினார்கள். ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள், அங்கே மாதம் முடியச் சம்பளம் வருகிறது. அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது. மற்றவள், "அடுத்த கூத்து வரைக்கும் பார்க்கிறேன் அக்கா" என்கிறாள். அடுத்த செலவுப் பட்டியல் எழுத நீங்கள் கூடும் நாளைச் சொல்லி அனுப்புங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உவர்மலைத் தையற்காரி ஒருத்தி