பள்ளி திறக்கும் நாளில் பணம் பள்ளியில் இருக்கட்டும்: நிதிநிலை அறிக்கை தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

டெல்லியிலும் சென்னையிலும் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கை தயாரிக்கும் அமைச்சர் பெருமக்களுக்கும், நிதித்துறை, பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 33 வருடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து, 2019-இல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். என் பேத்தி எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றக்கூடாது என்று மகனோடும் மருமகளோடும் மல்லுக்கட்டி இங்கே சேர்த்துவிட்டது நான்தான். அதனால் இந்த மடலை எழுத வேண்டிய பொறுப்பும் என்னுடையதாகிறது.

போன மாதம் மருமகள் ஒன்றைக் கவனித்தாள். காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், தாகம் எடுக்கவில்லை என்கிறாள். வெயில் கொளுத்துகிற ஊரில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா? இரண்டு நாள் கழித்து என்னிடம் மட்டும் சொன்னாள். "தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும் அப்பத்தா. அது பூட்டியிருக்கு."

மறுநாள் பள்ளிக்குப் போனேன். கழிப்பறை பூட்டித்தான் கிடந்தது. சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதச் சம்பளம் 1,000 ரூபாய். மாதம் 22 நாள் வேலை என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. அந்த ஆயிரமும் ஐந்து மாதமாக வரவில்லை. விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போனால் கையில் காசு. பள்ளிக்கு வந்தால் எப்போது வரும் என்று தெரியாத கடன். அவர் பூக்காட்டுக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் ஆசிரியைகள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது மாதம் முடியவில்லை. சுத்தம் செய்யாமல் திறந்து வைத்தால் பிள்ளைகளுக்கு நோய் வரும் என்று பயந்து தலைமையாசிரியை பூட்டிவிட்டார். பையன்கள் கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அந்தச் சம்பளம் எங்கள் கணக்குத் தலைப்பில் வராது, ஊராட்சியில் கேளுங்கள் என்றார்கள். ஊராட்சியில் கேட்டால், மானியம் வந்தால்தானே தருவோம் என்றார்கள். பினாயில், துடைப்பம், சாக்பீஸ், பதிவேடு எல்லாம் பள்ளி மானியத்தில் வாங்க வேண்டும். எங்கள் பள்ளியில் 46 பிள்ளைகள். விதிப்படி ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதுவும் நேரத்துக்கு வரவில்லை. யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் பேசினார்கள். ஆனால் எந்தப் பையில் கைவிட்டாலும் பை காலி.

அதனால் நான் கேட்பது இதுதான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், அந்த வருடத்துக்கான பணம் பள்ளியின் கணக்கில் இருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் சம்பளமும் அதில் சேர வேண்டும்.

இதைக் கேட்டால் நாட்டின் நிதி நிலைமை என்று சொல்வீர்கள். அதை நானும் ஒரு பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966-இல் சொன்னது. அதை எட்ட இருபது வருடம் தவணையும் கொடுத்தது. அந்தத் தவணை முடிந்த 1986-இல்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஓட்டுக் கட்டடத்தில் ஒரே அறை. அதே வருடம் வந்த தேசியக் கல்விக் கொள்கையிலும் ஆறு இருந்தது. 2004-இல் மத்தியில் அமைந்த அரசின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் இருந்தது. 2020 கல்விக் கொள்கையிலும் அதே ஆறு. ஒரு வருடம்கூட நாடு அதைத் தொட்டதில்லை.

1987-க்குப் பிறகு கரும்பலகைத் திட்டம் வந்தது. இரண்டாவது அறையும், உலக உருண்டையும், படங்களும் கிடைத்தன. உடைந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்று பயந்து அந்த உருண்டையைப் பல நாள் பீரோவிலேயே வைத்துப் பூட்டினோம். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். 1991-இல் அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தங்கத்தை அடகு வைத்தது. அதன்பின் செலவைக் குறை என்பதே எல்லாத் துறைக்கும் பேச்சானது. தொடக்கக் கல்விக்கே உலக வங்கிக் கடன் வாங்கும் காலம் வந்தது. தனியார் பள்ளி வேன்கள் எங்கள் பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்ததும் அந்தப் பத்து வருடத்தில்தான்.

2000-ஐ ஒட்டிக் கல்விச் செலவு 4 சதவீதத்தைத் தாண்டியது. காரணத்தை மறைக்க மாட்டேன்: ஊதியக்குழுப் பரிந்துரையில் என்னைப் போன்றவர்களின் சம்பளம் ஏறியது. எங்களுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் காகிதத்தில் கல்விச் செலவு ஏறிய அந்த வருடங்களில் என் பள்ளிக்கு ஒரு பெஞ்சு கூடுதலாக வரவில்லை. பிறகு பற்றாக்குறையைக் கட்டுப்படுத்த 2003-இல் மத்தியிலும் நம் மாநிலத்திலும் சட்டம் போட்டார்கள். கணக்கு நேரானது. எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்றுப் போன ஓர் ஆசிரியரின் இடம் ஆறு வருடம் காலியாகவே கிடந்தது. ஒன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு நான் தொண்டை கட்டியது அந்த ஆறு வருடம்தான். அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். சிலர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட வகுத்தல் கணக்கை எந்த அரசு திருப்பிக் கொடுக்கும்?

2004-இல் கல்விக்கென்றே மத்திய வரியின் மேல் 2 சதவீதத் தீர்வை (செஸ்) போட்டார்கள். இன்று அது சுகாதாரத்தோடு சேர்ந்து 4 சதவீதம். வரியில் மாநிலத்துக்குப் பங்கு உண்டு, தீர்வையில் இல்லை. கல்வி 1976-இல் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது, தெரியும். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைக்குச் சோறு, கட்டடத்துக்கு ஓடு என்று பெரும்பங்கு செலவு இன்னும் மாநிலத்தின் தலையில்தான். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துச் சொல்லும் நிதிக்குழுக்களில், பத்தாவது குழுவில் 6.6 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் வரிப் பங்கு, பதினைந்தாவது குழுவில் 4.079 ஆகச் சுருங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடி, பிள்ளைகள் எழுத்தை மறந்துகொண்டிருந்த 2021-இல் மத்தியக் கல்வி ஒதுக்கீடு முந்தைய வருடத்து 99,312 கோடியிலிருந்து 93,224 கோடியாகக் குறைந்தது. கூட்ட வேண்டிய வருடத்தில் எப்படிக் குறைக்க மனம் வந்தது?

இப்போது சமக்ர சிக்ஷா, பள்ளி மானியம் வரும் திட்டம். 100 ரூபாயில் 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், 2020 கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தப்பட்டது. மாநில அரசு 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கொள்கை சொல்லும் மூன்று மொழியா, நம் மாநிலத்தின் இரண்டு மொழியா என்று பெரியவர்கள் வாதாடட்டும். எனக்கும் அதில் கருத்து உண்டு, இரண்டு மொழி போதும் என்பவள் நான். ஆனால் அந்த வழக்கு முடியும்வரை நான்காம் வகுப்புப் பிள்ளை சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார முடியாது.

சென்னைக்கும் சொல்கிறேன். 2025-26-இல் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கினீர்கள். பெரிய தொகை. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் எங்கள் மதுரையில்தான் தொடங்கினீர்கள். காலையில் சோர்ந்து விழும் பிள்ளைகளை 33 வருடம் பார்த்தவள் என்ற முறையில் அதற்குக் கைகூப்புகிறேன். ஆனால் கழிப்பறையைக் கழுவும் அம்மாவுக்கு ஆயிரம் ரூபாய் என்று எழுதியது டெல்லி இல்லை. ஓவியமும் உடற்கல்வியும் சொல்லித்தர 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்து, இன்றுவரை பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார வைத்திருப்பதும் டெல்லி இல்லை.

பணம் இல்லாத காலம் என்றால் எப்படியிருக்கும் என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1953-இல் ஆயிரக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கும் காரணம் பணமில்லை என்பதுதான். அடுத்த வருடம் காமராசர் வந்து அவற்றைத் திறந்தார். கஜானா ஒரே வருடத்தில் நிரம்பிவிடவில்லை, முடிவு மாறியது. 1956-இல் மதிய உணவு தொடங்கியது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊர்க்காரர்கள் மணியும் கடிகாரமும் பெஞ்சும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசும் தன் பங்கைக் கொடுத்தது.

நாங்கள் இன்றும் கொடுக்கிறோம். போன வருடம் மேளம் வைத்து, தாம்பாளம் ஏந்தி, கல்விச்சீர் கொண்டுபோனோம். இரண்டு மின்விசிறி, பத்து நாற்காலி, ஒரு பீரோ, தண்ணீர் வடிகட்டும் கருவி. மேய்ச்சலுக்குப் போகும் ஒரு பாட்டி இருபது எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். மின்விசிறியைச் சீர்வரிசையாகக் கொண்டுபோகலாம். மாதாமாதம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோக முடியாது. அது அரசு செய்ய வேண்டியது. டம்ளர் கொடுத்த பாட்டியின் பேத்தியும் அந்தப் பள்ளியில்தான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடி பணிவாகவே கேட்கிறேன். ஆறு சதவீதத்தை எப்போது எட்டுவீர்கள் என்பதற்கு வருட வாரியாக ஒரு கணக்கைச் சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் வையுங்கள். அதற்கு நேரமாகும் என்றால் சரி, இதையாவது இந்த வருடமே செய்யுங்கள்: பள்ளி நடத்தும் பணத்தை எந்த ஒப்பந்தத்தோடும், எந்த வழக்கோடும் முடிச்சுப் போடாதீர்கள். தூய்மைப் பணியாளருக்கு மரியாதையான சம்பளம் நிர்ணயித்து, அதைப் பள்ளியின் கணக்கிலேயே சேருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் அந்தப் பணம் அங்கே இருக்கட்டும்.

அதுவரைக்கும் நானும் இன்னும் மூன்று அம்மாக்களும் முறை வைத்துக் கழிப்பறையைக் கழுவுகிறோம். திங்கட்கிழமை என் முறை. சாவி தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எனக்கு 64 வயது, முழங்கால் வலி. எத்தனை மாதம் முடியும் என்று தெரியவில்லை. சீக்கிரம் பணத்தை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
உசிலம்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்