மடக்குனா மட்டும் பத்தாது, சரசு

சென்னிமலைப் பக்கம்
தை 6

அன்புள்ள சரசு,

நலம். நீயும் அண்ணனும் நலமா? இங்க கெணத்துல தண்ணி கெடக்குது, எருமை கன்னு போட்டுருச்சு, சின்னவன் திருப்பூர்லயேதான் இருக்கறான். ஊர்ச் சேதி அவ்வளவுதான்.

மார்கழி மொத வாரம் நீ நாலு தடவை போன் போட்டயல்லோ, ‘அவ மக ஊட்டுக்குப் போயிருக்கறா’ன்னு எங்கூட்டுக்காரரு, உங்கண்ணன், சொன்னாரே, அது பொய். நான் சொல்லச் சொன்ன பொய். அவரு மேல கோவிச்சுக்காதே. அப்போ நான் கோயமுத்தூர்லதான் இருந்தேன். உன்ற ஊட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ல, ஒரு ஆஸ்பத்திரியோட மூணாவது மாடியில அஞ்சு நாள் படுத்திருந்தேன். வலது முட்டியை மாத்தியாச்சு சரசு. இன்னையோட அஞ்சு வாரம் முடியுது.

இப்போ காகிதத்தைக் கீழ வெச்சுட்டு என்னை நல்லாத் திட்டு. திட்டி முடிச்சப்பறம் மேல படி.

ஐப்பசியில டைப்பிஸ்டக்கா மக கல்யாணத்துல, பந்தியில உக்காந்துக்கிட்டு நீ என்ன சொன்னே? ‘கத்தி வெச்ச கால் கால் ஆகாது, எங்க நங்கையாளைப் பாரு’ன்னே. அன்னைக்கு எனக்குத் தேதி குறிச்சாச்சு. மறுபடி ஒருக்கா உன்ற மூஞ்சியைப் பார்த்தா வேண்டாம்னு சொல்லீருவேன்னு பயந்துதான் மறைச்சேன். ட்ரெயினிங் ஸ்கூல்ல இருந்து இன்னைக்கு வரைக்கும், பச்சைத் தாவணி விசயம் ஒண்ணைத் தவிர, உன்ற பேச்சை நான் தட்டுனதில்லையல்லோ. ஆஸ்பத்திரி சன்னல்ல உங்க வீதித் தண்ணித் தொட்டி தெரியும். அஞ்சு ராத்திரியும் அதைப் பார்த்துக்கிட்டே கெடந்தேன். உன்னைக் கூப்புடாம விட்டது தப்பு. மன்னிச்சுக்க.

போன்லயே சொல்லீருக்கலாம். போன்ல உன்ற வாய் முந்திக்கும், எனக்கோ சொல்ல நெறைய இருக்குது. காலைத் தொங்கப் போட்டு இருவது நிமிசத்துக்கு மேல உக்காந்தா வீங்கிக்குது. அதனால விட்டு விட்டுத்தான் எழுதறேன்.

ஆப்பரேசனைப் பத்தி உனக்குத்தான் பயம் எச்சு, அதனால மொதல்ல அதைச் சொல்லீர்றேன். உடனே பண்ணலை. என்ற மூணு மாசச் சராசரிச் சர்க்கரை, HbA1cம்பாங்களே, அது 8.4 இருந்துச்சு. கொறைச்சுக்கிட்டு வாங்க, இல்லீன்னா புண்ணு சீழ் புடிக்கும்னு திருப்பி அனுப்பீட்டாங்க. ரெண்டு மாசம் ராகியும் கொள்ளும் காயுமாத் தின்னு கொறைச்சேன். முதுகுத்தண்டுல ஊசி போட்டாங்க, இடுப்புக்குக் கீழ எதுவும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிருச்சு. காதுல மட்டும் எல்லாம் கேட்டுச்சு. ஆசாரி நெலவுக்கு உளி வெச்சுத் தட்டுவாங்களே, அதே சத்தம். நோவு துளியும் இல்லை.

முட்டியையே கழட்டி எறிஞ்சுட்டு இரும்பு முட்டி மாட்டுவாங்கன்னு நாம நெனைச்சிருந்தோமல்லோ, அது அப்பிடியில்லை. தேஞ்ச முனையில கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் எலும்பை இழைச்சு எடுக்கறாங்க. மேல் எலும்புக்குக் கோபால்ட்-குரோமியத்துல ஒரு தொப்பி, கீழ் எலும்புக்கு ஒரு தட்டு, ரெண்டுக்கும் நடுவுல பாலித்தீன் இனத்துலயே ரொம்பக் கெட்டியான ஒரு துண்டு. சிமெண்ட் வெச்சு ஒட்டறாங்க. பக்கத்து நாரெல்லாம் நம்முளுதேதான். வாஜ்பாய் பிரதமரா இருக்கறப்பவே 2000ல ஒரு முட்டி, 2001ல இன்னொரு முட்டி மாத்திக்கிட்டாரு, நாம ஸ்டாப் ரூம்ல பேப்பர் படிச்சுப் பேசுனோமே, நெனப்பிருக்குதா? அப்போ அது பெரிய எடத்து வைத்தியம். 2017ல மத்திய அரசு உச்ச விலை வெச்சப்பறந்தான், லட்சத்துக்கு மேல வித்த கோபால்ட்-குரோமியம் மூட்டு ஜிஎஸ்டி போக 54,720 ரூபாய்க்கு எறங்குச்சு. ஆஸ்பத்திரிச் செலவு தனி. கணக்கு டீச்சர் எப்பிடியும் கேப்பேன்னு தெரியும், அதான் எழுதீட்டேன்.

தை 8

நேத்து எழுத முடியலை. ஒறம்பரை வந்துட்டாங்க.

இப்போ சொல்றதைக் கவனமாப் படி. இதுக்குத்தான் இத்தனை காகிதம்.

ஊட்டுக்கு வந்த மொத நாள் ரவைக்கு முட்டி நெருப்பாட்டம் காந்துச்சு. நீட்டுனா நோவு, கொஞ்சம் மடக்கி வெச்சா சொகம். அதனால சென்னிமலை பெட்ஷீட் ஒண்ணை நல்லாச் சுருட்டி முட்டிக்கு அடியில குடுத்துக்கிட்டேன். என்ன நிம்மதிங்கறே! ஏழு ராத்திரி அப்பிடியேதான் தூங்குனேன். உங்கண்ணன்தான் தெனமும் சுருட்டிக் குடுப்பாரு.

பன்னெண்டாம் நாள் காங்கேயத்துல இருந்து ஸ்கூட்டர்ல ஒரு பிசியோ பொண்ணு வந்துச்சு. சின்ன வயசு, நம்ம கடைசி பேட்ச் புள்ளைகளாட்ட இருக்கும். உள்ள வந்ததும் வராததுமா அந்தச் சுருட்டலைப் பார்த்துட்டு, ‘இதை யாருங்கம்மா இங்க வெச்சது?’ன்னு உருவி எடுத்துருச்சு. எடுத்தும் கால் நேராகலை. முட்டிக்கும் கட்டலுக்கும் நடுவுல என்ற கையே நொழையற அளவுக்குச் சந்து. அளந்து பார்த்துட்டு, பதினஞ்சு டிகிரி பாக்கின்னுச்சு. நமக்கு நேர்கோடுன்னா 180, அவங்க கணக்குல அது 0. நீ குழம்பாதே.

மடங்கறதைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க சரசு. ‘எவ்வளவு மடங்குது, எவ்வளவு மடங்குது’ன்னு வர்றவங்க போறவங்கெல்லாம் கேக்கறாங்க. எத்தனை நீளுதுன்னு ஒருத்தரும் கேக்கலை. நடக்கறதுக்கு வேண்டியது மொதல்ல நீட்டறதுதான். கால் முழுசா நீளலீன்னா, நிக்கறப்போ தொடைச் சதை சித்தே கூட ஓய்வில்லாம முட்டியைத் தாங்கிக்கிட்டே நிக்கணும். அந்தக் கால் குட்டையான மாதிரி ஆயிரும். நடையில நொண்டல் வரும், அப்பறம் இடுப்பு, முதுகு, மத்தக் கால் எல்லாத்துக்கும் கேடு. மொத வாரங்கள்ல நீட்டாம விட்டா உள்ளாற தழும்பு இறுகிப் போயிரும், அதுக்கப்பறம் நீட்டறது பெரும்பாடு.

எனக்கு ஆத்தாமையா வந்துச்சு. ஆஸ்பத்திரியில அனுப்பறப்போ குடுத்த தாள்ல இது இருந்துச்சு, ஆமா. அத்தனையும் இங்கிலீசு. பத்து வரிக்கு நடுவுல ஒரு வரி. லட்சக்கணக்குல வாங்கறவங்க, ‘முட்டிக்கு அடியில எதுவும் வெக்காதீங்க’ன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? படிச்ச எனக்கே இப்பிடின்னா, பக்கத்துக் கட்டல்ல இருந்த வெள்ளகோயில் ஆத்தா ஊட்டுக்குப் போயி என்ன பண்ணுச்சோன்னு இன்னும் எனக்கு வெசனமா இருக்குது.

அந்தப் பொண்ணு அதே பெட்ஷீட்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில வெச்சுச்சு. முட்டிக்கு அடியில எதுவுமில்லை, அந்தரத்துல தொங்குது. ‘இப்போ முட்டியைக் கட்டலைப் பார்த்து அமுத்துங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க’ன்னுச்சு. பத்து நிமிசம் சும்மா அப்பிடியே விடணும், தெனம் நாலஞ்சு தடவை. ஏழு ராத்திரி எனக்குச் சொகம் குடுத்த அதே துணி ஒரு முழம் கீழ எறங்குனதும் உசுரை எடுத்துச்சு. மொத நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். உங்கண்ணன் ஆசாரத்துல இருக்க முடியாம எந்திரிச்சு இட்டேரிப் பக்கம் போயிட்டாரு.

பேத்திதான் எனக்கு இப்போ வாத்தியார். ஏழாவது படிக்கறா. ஜாமெட்ரி பாக்ஸ் கோணமானியைத் தொடைப் பக்கத்துல வெச்சு அளந்து, நாள் காலண்டர் தாள்ல எழுதி வெக்கறா. மடங்கறது 70, 78, 85, 92ன்னு ஏறுச்சு, நேத்து 104. நீளறதுல பாக்கி 15, 13, 9ன்னு கொறைஞ்சு இப்போ 4. எனக்கு அந்த 104ஐ விட இந்த 4 மேலதான் கண்ணு. முன்னே முட்டிக்கு அடியில கை நொழைஞ்சுதல்லோ, நேத்து அவளோட மர ஸ்கேலைப் படுக்க வாட்டுல விட்டுப் பார்த்தா, சிக்கி நின்னுக்கிச்சு. அவ கை தட்டுனா பாரு!

உங்க நங்கையா ஞாபகம்தான் எனக்குப் பொழுதன்னிக்கும். மடிஞ்ச காலோடயே நடக்கறாங்கன்னயே. அவங்க கட்டல்ல தலகாணி எங்க இருந்துச்சுன்னு ஒருக்கா கேட்டுப் பாரு. கத்தி மேல குத்தம் சொன்னோம், எனக்கென்னமோ தலகாணி மேல சந்தேகமா இருக்குது.

தை 9

ஒறம்பரையைப் பத்திச் சொல்லாம விட்டா உனக்குத் தூக்கம் வராது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமா ஆசாரம் நெறைஞ்சு கெடக்குது. ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தங்க உப்பு ஒத்தடம் குடுங்கறாங்க. சூடும் வீக்கமும் இருக்கற முட்டிக்குச் சூடு ஆகாது, ஐஸ்தான். துணியில சுத்தி கால் மணி நேரம். ஆட்டுக்கால் சூப்பு குடிச்சா முட்டிக்குள்ள பசை ஊறும்னாங்க. புது முட்டியில பசை எங்க ஊர்றது! சூப்பு ருசிக்குக் குடிச்சேன், சதைக்கு முட்டையும் பருப்பும் திங்கறேன். நம்ம நெட்டைச்சி வந்து பாசமாக் கெண்டைச் சதையைப் புடிச்சு உட ஆரம்பிச்சா பாரு, நான் போட்ட சத்தத்துல அவ வெத்தலையைக் கீழ போட்டுட்டா. அதைச் செய்யவே கூடாது சரசு. ரத்தம் கட்டியிருந்தா நகர்ந்து நெஞ்சுக்குப் போயிரும். கெண்டைச் சதை கல்லா நொந்தாலோ, திடீர்னு வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அவகிட்ட அன்னைக்குக் கத்துனதுக்கு மறுநாள் பேசிச் சரி பண்ணீட்டேன். செலவு ரசம் வெச்சுக் கொண்டாந்தா.

பதினாலாம் நாள் பின்னு எடுத்தாங்க, 27 பின்னு. தழும்பு ஒரு சாணுக்குச் சித்தே கொறைச்சல். அதுக்கு வெளிப்பக்கம் தொட்டா மரத்துக் கெடக்குது. சின்ன நரம்பு அறுபட்டதாம், கொஞ்சம் அப்பிடியே நின்னாலும் நிக்கும்னாங்க. மடக்கறப்போ டக்குன்னு ஒரு சத்தம் வருது, உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கறது. அதுக்கெல்லாம் பயமில்லை. வாசப்படி மூணையும் இப்போ வாக்கர் இல்லாம, கைத்தடியோட ஏறி எறங்கறேன். ஏறறப்போ நல்ல கால் முன்னால, எறங்கறப்போ ஆப்பரேசன் கால் முன்னால. சென்னிமலை 1,320 படியையும் ஒரே மூச்சுல ஏறுன ரெண்டு பேருல ஒருத்திக்கு இப்போ மூணு படி.

பொங்கலன்னைக்கு மட்டும் மனசு விட்டுருச்சு. நாற்பது வருசமா வாசல்ல குத்துக்கால் போட்டுக் கோலம் போட்ட கை. இனிமேல் குத்துக்கால் போடக் கூடாதுன்னுட்டாங்க. கீழ சம்மணம் போடறதும் வேண்டாம்னுட்டாங்க. மருமக கோலம் போட்டா, பேத்தி பக்கத்துல புள்ளி வெச்சா. நான் நாற்காலியில உக்காந்து, ‘பதினஞ்சு புள்ளி, இடைப்புள்ளி எட்டு’ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் போட்டாங்க. ஆனாலும் கோலமாவு டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உள்ள போகவே மனசில்லை.

ராத்திரி இன்னும் தூக்கம் சரியில்லை. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும். இப்போ பழனிக்குப் பாதயாத்திரை போற கூட்டம் ரோட்டுல போகுது. இருட்டுல ‘அரோகரா’ சத்தம் கேக்கறப்போ நான் குதிகாலுக்குக் கீழ பெட்ஷீட்டை வெச்சுக்கிட்டு அமுத்தி அமுத்தி எண்ணுவேன். அவங்க அத்தனை தூரம் நடக்கறாங்க, நான் நாலு டிகிரி போகணும்.

சரசு, இப்போ உன்ற காலுக்கு வர்றேன். கல்யாணத்துல கைப்பையில இருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டே. கேட்டதுக்கு, ‘தெனம் ரெண்டு, மருந்துக் கடையிலயே குடுக்கறாங்க’ன்னே. உனக்கு பிரஷர் இருக்குது. அந்த வலி மாத்திரையை வருசக்கணக்குல தின்னா கிட்னி போயிரும், வயித்துல புண்ணு வரும். இது பயமுறுத்தறதில்லை, எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என்ற கிட்டயே சொன்னது. என்ற மாதிரியே நீயும் ஆப்பரேசன் பண்ணிக்கன்னு நான் சொல்ல வரலை. உனக்கு இன்னும் அந்த நெலைமை வந்திருக்காது, தொடைச் சதைக்குப் பயிற்சி செஞ்சே பல வருசம் ஓட்டலாம். ஆனா மொதல்ல ரத்தத்துல கிரியாட்டினின் பாரு, கிட்னி எப்பிடி இருக்குதுன்னு அதுல தெரிஞ்சுரும். இந்த வாரமே பாரு. ரெண்டாவது மாடிப் படியில நீ கைப்புடியைப் புடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டா எறங்கறதை நான் பார்த்தேன், நீ பேச்சை மாத்துனதையும் பார்த்தேன்.

மாசி பொறக்கறதுக்குள்ள வா. அண்ணனையும் கூட்டிக்கிட்டு வா. அரிசியும்பருப்பும் ஆக்கி, எருமை நெய் ஊத்தச் சொல்றேன். ஆசாரத்துல ரெண்டு நாற்காலி போட்டுருக்குது, மேக்கு மூலையில வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டியாச்சு, உனக்கு ஒரு சங்கடமும் இருக்காது. வர்றப்போ எக்ஸ்ரே கொண்டா. போன வருசம் படுக்க வெச்சு எடுத்ததை வேண்டாம், படுத்து எடுத்தா எலும்புக்கு நடுவுல எடம் இருக்கற மாதிரியேதான் காட்டும். ரெண்டு கால்லயும் நின்னுக்கிட்டு எடுத்தது வேணும்.

உன்ற,
தெய்வானை