கிரான் டெசோரோவின் தங்கமும் கடல்நீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) நகரங்களைப் பற்றி வந்த கட்டுரையில், ‘ஒன் பீஸ்’ என்ற கடற்கொள்ளையர் காமிக்ஸ் தொடரை வைத்து வந்த ‘ஒன் பீஸ் ஃபிலிம்: கோல்ட்’ படத்தின் தங்கச் சூதாட்டக் கப்பல் நகரமான கிரான் டெசோரோவுக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் அந்த நகரம் எப்படி இயங்குகிறது என்ற இடத்தில் கட்டுரை பலமுறை சறுக்கியிருக்கிறது. புதிதாகப் படம் பார்க்கப்போகிறவர்கள் குழம்பக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், அந்த நகரத்தின் அதிபதி கில்ட் டெசோரோ தங்கத்தை உண்டாக்குகிறவன் அல்ல. தின்றவருக்கு விசித்திர சக்தி தரும் ‘சாத்தான் பழங்களில்’ ஒன்றான கோல் கோல் பழத்தைத் தின்றதால் அவனுக்குக் கிடைத்தது, தான் தொட்ட தங்கத்தை இஷ்டப்படி வளைக்கும் ஆற்றல் மட்டுமே. ‘கையை அசைத்தால் தங்கம் கொட்டும்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது தவறு. அவன் உண்டாக்க முடிந்தவனாக இருந்தால் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பலைக் கட்டிச் சூதாட்டம் நடத்திப் பணம் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கதை உலகத்தில் புழங்கும் பெரி நாணயத்தில் 20 சதவீதம் தன் கைக்குள் இருந்தும் அவனுக்குப் போதவில்லை என்பதுதான் கதை.

தொட்ட தங்கம் என்ற இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் நகரத்தின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் தானாகப் புரியும். உள்ளே வருகிறவர்கள் மேல் தங்கப்பொடி தூவுகிறார்களே, அதைக் கட்டுரை ‘ஆடம்பர வரவேற்பு’ என்கிறது. அது பொறி. அத்தனையும் டெசோரோ ஏற்கெனவே தொட்ட தங்கம். தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டிய பொடி அவன் நினைத்த நொடியில் இறுகிக் கெட்டியாகிவிடும். கதாநாயகன் லூஃபியின் வாள்வீரத் தோழன் ஸோரோ தங்கத்துக்குள் மாட்டுவது இந்தப் பழத்தின் வேலைதான். ஊருக்குள் சிரித்துக்கொண்டு திரிகிறவர்கள் எல்லோரும் வாசலைத் தாண்டியபோதே அவன் பிடிக்குள் வந்துவிட்டவர்கள்.

இதற்கு முறிவு கடல்நீர். சாத்தான் பழம் தின்றவர்களுக்குக் கடல் ஆகாது என்பது ‘ஒன் பீஸ்’ படிக்கிற சிறுபிள்ளைக்கும் தெரியும். கடல்நீர் பட்ட தங்கம் டெசோரோவின் சொல் கேட்காது. லூஃபியின் கூட்டாளி நாமியும் திருடி கரீனாவும் போட்ட திட்டத்தின் உயிர்நாடி இதுதான்: வெளிப்பார்வைக்குப் பணத்தைக் கொள்ளையடிக்கும் முயற்சி, உள்ளுக்குள் கடல்நீரை மழைபோல் ஊர் முழுக்கப் பொழியவைப்பது. ஆனால் ‘கடல்நீர் பட்டதும் டெசோரோ சக்தி இழந்தான்’ என்று எழுதியதை ஏற்க முடியாது. நனைந்த பொடி மட்டும்தான் விடுபட்டது. அவன் கையில் மிச்சத் தங்கம் அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் பிறகு பூதாகாரமான தங்க உருவம் எடுத்துச் சண்டைக்கு வருகிறான், லூஃபி ‘நான்காம் கியர்’ என்ற, பலத்தைக் கூட்டும் போர் நிலைக்குப் போகவேண்டியதாகிறது. நீர் ஜனங்களை விடுவித்தது, டெசோரோவை வீழ்த்தியது லூஃபி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கடைசி அரை மணி நேரம் எதற்கு என்றே புரியாது.

‘தங்கம் துருப்பிடிக்காது, எனவே கடலில் மிதக்கும் நகரத்துக்கு அதுவே பொருத்தமான உலோகம்’ என்று ஒரு வரி வருகிறது. கற்பனை நகரம்தானே என்று விட்டுவிடலாம், ஆனாலும் மனசு கேட்கவில்லை. தங்கம் துருப்பிடிக்காது, சரி. அடியில் இருக்கும் இரும்பு? ரேக்கு ஒட்டினாலும் முலாம் பூசினாலும் ஊசிமுனை அளவில் எங்காவது ஓட்டை விழும். அதன் வழியே உப்புநீர் இறங்கினால் தங்கமும் இரும்பும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, இரும்புதான் கரையும், அதுவும் வெற்று இரும்பைவிட வேகமாக. இரும்பைக் காப்பாற்றத்தான் நிஜக் கப்பல்களின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். அது முந்திக்கொண்டு கரைந்து இரும்பை விட்டுவைக்கும். மற்றபடி செலவு நினைக்கிற அளவுக்கு இல்லை. 0.1 மைக்ரான் கனத்தில் ரேக்கு ஒட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.9 டன். நகரம் முழுதும் கெட்டித் தங்கம் என்றால்தான் தகராறு: ஒரு கன மீட்டரே 19.3 டன்.

சூதாட்டத்துக்கு வருவோம். டெசோரோவின் பணிப்பெண் பக்காரா வெறுங்கையால் தொட்டு எதிராளியின் அதிர்ஷ்டத்தை உறிஞ்சிக்கொள்வதை ‘எல்லாக் கேசினோவும் செய்யும் ஏமாற்றின் கற்பனை வடிவம்’ என்கிறார் கட்டுரையாளர். நிஜக் கேசினோவுக்கு ஏமாற்றவே தேவையில்லை. ஐரோப்பிய ரூலெட்டில் 37 கட்டங்கள். ஒற்றை எண்ணில் ஜெயித்தால் கட்டிய பணம் திரும்புவதோடு 35 மடங்கு லாபம் கிடைக்கும். நேர்மையாகச் சுழற்றினாலே கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2.70 ரூபாய் கேசினோவுக்கு நிற்கும். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் கூடி 38 கட்டங்கள் ஆவதால் அது 5.26 ஆகிறது. இந்தச் சின்ன லாபம் பெருக, ஆள் மறுபடி மறுபடி வரவேண்டும். ஒரே இரவில் மொட்டையடித்து அனுப்பினால் அவன் திரும்ப வரமாட்டான், வியாபாரம் படுத்துவிடும்.

டெசோரோவுக்கு அந்தக் கவலை இல்லை. லூஃபி முதலில் ஜெயித்துக்கொண்டே போகிறான், விட்டுப் பிடிக்கிறார்கள். பிறகு பெரிய பந்தயத்துக்கு அழைத்து, பக்காரா தொட்ட மாத்திரத்தில் எல்லாம் போய்க் கடனாளியாகிறான். கடனைக் கட்டமுடியாதவன் அங்கே டெசோரோவின் உடைமை. மேசை லாபத்தை எதிர்பார்த்து நடக்கிற கேசினோ இல்லை அது. கொத்தடிமை பிடிக்கிற கந்துவட்டிக் கடை. தான் காதலித்த அடிமைப்பெண் ஸ்டெல்லாவை விலை கொடுத்து மீட்கப் பணம் சேர்த்தவன், அவளை ‘விண்ணுலக டிராகன்’ எனப்படும் பிரபு ஒருவன் வாங்கிப்போனதைப் பார்த்தவன், தானும் அடிமையாகக் கிடந்தவன் கட்டிய ஊர் வேறு எப்படி இருக்கும்? கட்டுரையில் ஸ்டெல்லாவின் பெயரே இல்லை.

ஒரு படக்குறிப்பையும் திருத்தவேண்டும். லூஃபியும் அவன் கப்பல் தச்சன் ஃபிராங்கியும் நிற்கும் காட்சியின் கீழே ‘கருவூலம்’ என்று அச்சாகியிருக்கிறது. அது தங்கச் சிறை. சுற்றிலும் தங்கம், தின்ன ஒரு கவளமில்லை, குடிக்க ஒரு வாய் தண்ணீரில்லை. அங்கே அவர்களுக்கு வழிகாட்டும் கிழவர் ரேஸ் மேக்ஸை ‘காவலாளி’ என்றும் போட்டிருக்கிறீர்கள். அவரும் கைதிதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சேலம்.