மெரினாவில் சூரியன் மறையாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இதழில் சென்னையில் ஜோடியாகப் போக 10 ரொமான்டிக் இடங்கள் என்று நாலு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் பளிச்சென்று இருந்தன. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிட்டேன். இனி மற்றது.

மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "கல்யாணமானவர்களுக்குத்தான் வீடு இருக்கிறதே, இது காதலர்களுக்கான பட்டியல்." எழுதியவர் தனி அறையில் வளர்ந்த பிள்ளையாக இருக்கும், நன்றாக இருக்கட்டும். எனக்கு 1995 தை மாதம் கல்யாணம். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம், இரண்டே அறை, ஏழு பேர். நான், அவர், மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், காலேஜ் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன், அப்புறம் கண் தெரியாத பாட்டி. பாட்டிக்குக் கண்தான் தெரியாது, பக்கத்துக் குடித்தனத்தில் குழாய் சொட்டினால்கூட யார் சரியாக மூடவில்லை என்று சொல்லிவிடுவார். வீடு இருந்தது, ஐயா. ஆபீஸிலிருந்து வாடி வருகிற மனுஷனிடம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் அதில் இடம் இல்லை.

அதனால் பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்புவோம். பொய் இல்லை, கோயிலுக்கும் போவோம், வாசலில் நின்று ஒரு கும்பிடு, அப்படியே நடையைக் கட்டினால் கடற்கரை. ஒரு நாள் ராத்திரி நான் புடவையை மாற்றி மடிக்கும்போது கொசுவத்திலிருந்து மணல் கொட்டியது, சிமெண்டுத் தரையில் சரசரவென்று. மாமியார் ஒன்றும் பேசாமல் துடைப்பம் எடுத்துவந்து தானே பெருக்கினார். முறத்தில் அள்ளிக்கொண்டு, "கோயில்ல எப்போ மணல் கொட்டினாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பெருமாளையே நாங்கள் சேவிக்கவில்லை.

இப்போது அதே வேலையை என் மகனும் மருமகளும் செய்கிறார்கள். மளிகை வாங்கப் போகிறோம் என்று பைக்கில் கிளம்பி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பாக்கெட் உப்போடு வருகிறார்கள். நான் கேட்பதில்லை. உப்பு டப்பாதான் நிரம்பி வழிகிறது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். இரண்டாவது இடம் மெரினா. "கடலுக்குள் சூரியன் மறையும் அழகைக் கைகோத்தபடி ரசியுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடையது வங்கக் கடல், கிழக்கே இருக்கிறது. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும், மறைவது நம் முதுகுக்குப் பின்னால், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அந்தப் பக்கம். நீங்கள் சொன்னபடி கடலைப் பார்த்துக் காத்திருக்கிற ஜோடி சூரியனைப் பார்க்க மறுநாள் விடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குள் யாராவது வந்து டார்ச் அடித்து எழுப்பிவிடுவார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரத்தில் கடற்கரை. உங்களுக்குத் தெரியாததா?

அங்கே பார்க்க வேண்டியது பௌர்ணமி சாயங்காலம். பின்னால் சூரியன் இறங்கும்போது முன்னால் கடலிலிருந்து நிலா வரும். முதலில் செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல், அழுக்கு மாதிரி, நிலாதானா என்றே சந்தேகமாக இருக்கும். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்காரரிடம் சில்லறை வாங்கிவிட்டுத் திரும்பினால் முழுசாக மேலே வந்திருக்கும். இதற்கு ஒரு வரி இல்லை. ஆனால் "உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை" என்கிற பழைய பாட்டு மட்டும் தவறாமல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு கடற்கரைக்குப் பெயரே தொண்ணூறு மைல் கடற்கரை. நம் மெரினா பட்டினப்பாக்கத்தைத் தொடும்போது முடிந்துவிடும், காலையில் வாக்கிங் போகிறவர்களே ஒரு நடையில் முடித்துவிடுகிறார்கள். 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் இத்தாலி ஞாபகத்தில் மெரினா என்று பெயர் வைத்தாரே, அவர்கூட இப்படி அளந்து விடவில்லை.

எலியட்ஸ் பீச் பக்கத்தில் இன்னொன்று. அங்கே நிற்கும் வெள்ளை மண்டபத்தைக் "காதல் சின்னம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரரின் நினைவுச் சின்னம். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற இறங்கி, தான் மூழ்கிப்போனவர். அதன் நிழலில் ஜோடிகள் உட்காரட்டும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்திரிகை கொஞ்சம் விசாரித்து எழுதலாம்.

அண்ணா நகர் கோபுரப் பூங்கா படம் பழைய படம், கண்டுபிடித்துவிட்டேன். 1968 கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் அது. மேலேறிக் குதித்து உயிரை விட்டவர்கள் இருந்ததால் 2011-ல் பூட்டினார்கள், 2023-ல்தான் மறுபடி திறந்தார்கள், இப்போது கம்பித் தடுப்பு போட்டிருக்கிறது. உங்கள் படத்தில் கம்பி இல்லை. பூட்டியதைத் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் பன்னிரண்டு வருடம் அது பூட்டிக் கிடந்தபோது உங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி நான் எதையும் படித்த ஞாபகம் இல்லை.

எனக்கு ரொம்ப வலித்தது அந்தப் பெட்டிச் செய்திதான். "பொது இடத்தில் எல்லை மீறாதீர்கள்" என்று ஜோடிகளுக்கு ஆறு அறிவுரை. 1996-ல் ஒரு பூங்காவில், எது என்று சொல்லப்போவதில்லை, சாயங்காலம் ஐந்தரை மணி, நாங்கள் இருவரும் நடுவில் ஒரு குடையை வைத்துத்தான் உட்கார்ந்திருந்தோம். காவலாளி வந்து தடியால் பெஞ்சைத் தட்டினார். "யாரு நீங்க? வீட்டுக்குத் தெரியுமா?" என் கணவருக்கு வாய் வரவில்லை. நான் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், ரேஷன் கார்டு பார்க்கிற மாதிரி. அப்புறம் "சரி சரி, உக்காருங்க" என்று பெரிய மனசு பண்ணினார். அடுத்த பெஞ்சில் ஒரு பையனும் பெண்ணும். காட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை, அவர் அந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்கள். போகும்போது அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருடத்தில் தாலியைச் சரிசெய்ய வெளியே எடுக்கும்போதெல்லாம் அந்தப் பார்வை ஞாபகம் வரும். நான் காட்டியிருக்கக் கூடாது.

2009-ல் டெல்லியில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் முத்தம் கொடுத்ததாகக் கல்யாணமான ஒரு ஜோடி மேல் வழக்கு போட்டு, அதை உயர் நீதிமன்ற நீதிபதி முரளிதர் ரத்து செய்தார். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு ஜோடியை நடு ராத்திரியில் மறித்துத் தொல்லை செய்த காவலரின் வேலை நீக்கம் சரிதான் என்று சொல்லி, ஒழுக்கம் கற்பிப்பது காவலரின் வேலை இல்லை என்றது. என் மகள் போனில் காட்டினாள், நான் உட்கார்ந்து படித்தேன். பெட்டிச் செய்தியில் இதில் ஒன்று வந்திருக்கலாம். தடியால் தட்டுகிறவர்களுக்கு உங்களிடம் ஓர் அறிவுரை கிடையாது, பிப்ரவரி 14 அன்று நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டுகிறவர்களுக்கும் கிடையாது, படம் மட்டும் பெரிதாகப் போடுவீர்கள்.

மீதி ஏழு இடமும் ஓட்டல், காபி கடை, மால். என் மகன் அதில் ஒன்றுக்கு மருமகளைக் கூட்டிப்போனான். இரண்டு காபி 640 ரூபாய், அரை மணிக்கு ஒரு தடவை "வேற ஏதாவது?" என்று வந்து நின்றார்களாம். காவலாளி தடியால் தட்டினார், இவர்கள் மெனு கார்டால் தட்டுகிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்த நல்ல இடம் எது தெரியுமா, பறக்கும் ரயில், அதுதான் தூண் மேல் ஓடுகிற மின்சார ரயில். 1997-ல் திருமயிலை வரை நீட்டிய புதிதில் பெட்டி பெட்டியாகக் காலியாகப் போகும். கடற்கரை நிலையத்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், டிக்கெட் இருந்தால் போதும். பக்கிங்காம் கால்வாய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் என் மகனுக்குப் பெயர் முடிவு செய்தோம். இதை ரொமான்டிக் என்று நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

உங்களிடம் கடிதம் எழுதிப் பலன் உண்டா என்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்னால் தீபாவளி மலரில் அதிரசத்துக்கு வெல்லத்தின் அளவையே விட்டுவிட்டீர்கள், எழுதினேன், பதில் இல்லை. எண்ணெயில் போட்டது அத்தனையும் கரைந்துபோனது, அது தனிக் கதை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இடங்களைப் போடும்போது ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை மணிக்குத் திறக்கும், மத்தியானம் பூட்டுவார்களா, பெண்கள் போகக் கழிவறை இருக்கிறதா என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம் அந்தச் சூரியனுக்கு ஒரு திருத்தம், சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். மருமகள் உங்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள், உப்பு விஷயம் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
சென்னை