குலைநோயும் ‘போலி விதை’ப் புகாரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நெல்லைத் தாக்கும் பூசண நோயான குலைநோயைத் தாங்கும் ரகம் என்று வாங்கி நட்ட வயலிலும் நோய் விழுந்துவிட்டது, ஆகவே விதை போலி என்ற புகார் சம்பா அறுவடை நேரத்தில் அடிக்கடி எழுகிறது. போலி விதை ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் விதை சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும்.

குலைநோய்ப் பூசணம் இலையில் விழுந்து முளைத்ததும் மெலனின் என்னும் கருநிறமி பூசிய சிறு குமிழ் ஒன்றை உருவாக்கி, அதற்குள் சுமார் 80 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் ஏற்றி, இலைத்தோலைத் துளைக்கிறது. உள்ளே போனதும் பயிரின் எதிர்ப்பை அடக்கச் சில புரதங்களைச் செலுத்துகிறது. ரகத்தில் உள்ள எதிர்ப்பு மரபணு அவற்றில் ஒன்றைக் கண்டுகொண்டால், தாக்கப்பட்ட செல் தானே மடிந்து நோயை அங்கேயே நிறுத்திவிடும். பிஐ-டா என்னும் நெல் மரபணு கண்டுகொள்வது ஒரே ஒரு பூசணப் புரதத்தைத்தான். அந்தப் புரதத்துக்குரிய மரபணுவோ பூசணக் குரோமோசோமின் நுனியில், எளிதில் அறுந்து தொலையும் இடத்தில் இருக்கிறது. அந்தத் துண்டு முழுதாக விழுந்துபோகலாம். இடம் மாறும் டி.என்.ஏ. துணுக்கு நடுவில் வந்து செருகிக்கொள்ளலாம். சில சமயம் அந்த மரபணுவின் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினாலே போதும். நெல் அப்படியேதான் இருக்கும். அதன் கண்ணில் பூசணம் படாது.

இலையில் உள்ள ஒரு நோய்ப்புள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கில் வித்துகள் கிளம்பும். புதிதாகத் தொற்றிய இலை ஒரு வாரத்திலேயே அடுத்த சுற்றுக்குத் தயார். மாவட்டம் முழுக்க ஒரே ரகம் நின்றால், மாறிய அந்த ஒன்றுக்கு எல்லா வயலும் திறந்த வயல்தான். தென்கொரியாவில் 1970-களில் பரவலாக நடப்பட்ட தொங்கில் வகை நெல் 1978-இல் இப்படித்தான் குலைநோயிடம் சிக்கியது. நம் கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகம், இந்த நோய்க்கு எளிதில் ஆட்படுவதாலேயே உலக ஆய்வுக்கூடங்களில் பெயர் பெற்றது. அது கண்டுகொள்ளும் பூசண மரபணு ஒன்றுக்கே அதன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நெல்லைத் தாக்கும் பூசண வகைகளில் பெரும்பாலானவை அந்த மரபணுவைத் தொலைத்துவிட்டவை.

ஆகவே ‘தாங்கும் ரகம்’ என்று மட்டும் அச்சிடுவது போதாது. எந்த நோயை, எந்த மரபணுவால் தாங்குகிறது என்று விதை அட்டையிலும் பரிந்துரைக் கையேட்டிலும் போட வேண்டும். 2021-இல் வெளிவந்த பூசா பாஸ்மதி 1847 ரகத்தில் குலைநோய்க்கு எதிராக பிஐ-2, பிஐ-54 என இரண்டு மரபணுக்கள் உள்ளன என்பது வெளிப்படையான செய்தி. இரண்டையும் ஏய்க்கப் பூசணத்துக்கு இரண்டு மாற்றங்கள் ஒருசேர வேண்டும். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்ட ரகம். அது குலைநோயையும் தாங்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் 2005 முதல் கோஷிஹிகாரி நெல்லையே வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்களுடன் தனித்தனி உள்வகைகளாக உருவாக்கி, விதையைக் கலந்து கொடுக்கிறார்கள். கலவையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். அரிசி ஒன்றுதான், பூசணத்துக்குத்தான் குழப்பம். நம் பல்கலைக்கழகங்களால் முடியாத வேலை இல்லை இது.

மருந்திலும் இதே கதை. ஜப்பானில் 1998-இல் வந்த கார்ப்ரோபமிட் என்னும் குலைநோய் மருந்து 2001-லேயே சில இடங்களில் பலிக்காமல் போயிற்று. காரணம் பூசண நொதியில் ஒரே ஓர் அமினோ அமில மாற்றம். அசாக்சிஸ்ட்ரோபின் வகை மருந்துகளையும் ஒற்றை மாற்றம் செயலிழக்கச் செய்துவிடும். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள் என்பது அதனால்தான்.

குலைநோய்க்கு அடிக்கும் மருந்து: டிரைசைக்ளசோல் 75 சதவீத நனையும் தூள், ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் நீரில். இது மெலனின் உற்பத்தியைத் தடுத்துப் பூசணம் துளைக்காமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. உள்ளே புகுந்துவிட்டதை விரட்டாது. கதிரின் கழுத்துக் கறுத்த பிறகு அடித்தால் காசுதான் வீண். கதிர் தண்டுக்குள் பொதிந்திருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவம் முடிந்து முதல் கதிர்கள் எட்டிப் பார்க்கும்போதே, இரவுக் குளிரும் விடிந்தும் காயாத பனியும் இருந்தால், அடித்துவிட வேண்டும். அறுவடைக்கு 30 நாள் இடைவெளி வேண்டுமென்பதால் குறுகிய கால ரகங்களில் இதே மருந்தை இரண்டாம் முறை அடிக்க அவகாசம் இருக்காது. யூரியாவை ஒரே மூச்சில் கொட்டிய வயலில் மருந்தும் திணறும். தவணையாகப் பிரித்து இடுங்கள்.

அடிக்கும் முன் வெளுத்த கதிரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சி. வராமல், கதிரின் கழுத்துக் கணு கறுத்துச் சுருங்கி அங்கேயே ஒடிந்தால்தான் குலைநோய். பூச்சிக்குப் பூசணக்கொல்லி அடித்துவிட்டு விதைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

இப்படிக்கு,
பயிர் நோயியல் துறையினர் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்